பொருத்திப் பார்த்த பின்னரே

பழைய மோட்டார்க் காரைப் புதுப்பித்தல் என்றவுடன் பலருடைய எண்ணத்தில் எழுவது வர்ணமே ஆகும். மங்கிப் போன வண்டி ஒன்று பட்டறைக்குள் நுழைகிறது. மின்னும் வண்டி ஒன்று வெளியே வருகிறது. இடையில் நடந்தது பெயிண்ட் வேலை என்று கொள்கிறார்கள். உண்மையில் வர்ணம் கடைசிப் படி. அதற்கு முன்னால் மாதக் கணக்கில் நீளும் ஒரு கட்டம் உண்டு. வண்டியை வெறும் தகடாகவே முழுமையாகப் பூட்டிப் பார்க்க வேண்டும். கதவு, கண்ணாடி, ரப்பர், விளக்கு, பம்பர் என எதையும் விட்டுவிடாமல் அதனதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் இசைந்து வந்தபின் அத்தனையையும் மறுபடி கழற்றிவிட வேண்டும். கழற்றுவதற்காகவே பூட்டுகின்ற இந்த வேலையைப் படம் எடுத்துக் காட்டுவாரும் இல்லை. இதற்குரிய கூலியை மனமுவந்து கொடுப்பாரும் அரியர். பட்டறைக்காரர்கள் இதனை ‘டிரையல்’ என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

நாம் இயந்திரம் அறிந்தவர் அல்லோம். காலையில் மதரஸாவில் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணமும், மாலையில் சிலருக்குத் தமிழும் சொல்லிக் கொடுப்பது நம் தொழில். ஆயினும் கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு டிங்கர் பட்டறையின் மர ஸ்டூலில் நாம் அமர்ந்திருந்த நேரத்தைக் கணக்கிட்டால் ஒரு கிதாபை ஓதி முடித்திருக்கலாம். நம்மை அங்கே இழுத்துச் சென்றது நம் மாமுவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி.

அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்று மூன்று பெயர்களையே நம் சாலைகளில் பெரும்பாலும் கண்ட காலத்தை, ஐம்பது வயது கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றுள் ஹெரால்டு நம் சென்னை தந்த பிள்ளை. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலாட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதைச் சென்னையில் செய்து விற்றது. 948 சி.சி. எஞ்சின், ஈருருளி ரிக்‌ஷாவைப் போல் குறுகிய இடத்தில் திரும்பும் வளைவு, முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்தே முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் பானட் ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஆனால் அதன் உண்மையான தனித்தன்மை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. 1950களில் கார்கள் பலவும் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடாக மாறிக் கொண்டிருந்தன. அவ்வாறு செய்வதற்குப் பெரிய அச்சு எந்திரங்களைக் கொண்ட ஆலை வேண்டும். இந்நிறுவனத்துக்கு உடற்பகுதி செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. வேறு வழியின்றி இவர்கள் பழைய முறைக்கே திரும்பினர். கனத்த சேஸி ஒன்று தனியே. அதன்மேல் வெவ்வேறு இடங்களில் செய்த தகட்டுப் பகுதிகள். யாவற்றையும் இணைப்பவை போல்டுகள். கூரையைக் கூடக் கழற்றலாம். பெட்டிகளில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பி, வேறொரு நாட்டில் பூட்டிக்கொள்ள அது வசதியாகவும் போயிற்று. முடையிலிருந்து பிறந்த ஏற்பாடு வணிகத்துக்கு உதவிய கதை இது.

புதுப்பிப்பவருக்கோ அதுவே சோதனை. எல்லாவற்றையும் நகர்த்தலாம் என்றால் எதுவுமே நிலையான இடத்தில் இல்லை என்பதுதானே பொருள்? கதவின் கீல் எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவேயுள்ள முன்தடுப்பில் பொருந்துகிறது. கதவின் பூட்டு விழுகின்ற தூணோ பின்பகுதியில் இருக்கிறது. இவ்விரு பகுதிகளும் ஒரே தகடு அல்ல. முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்காக ஓடும் ஒரு மூட்டில் போல்டுகளால் இணைந்தவை. ஆக, கதவு என்பது இரு பகுதிகளுக்கு நடுவே நீட்டிய பாலம். பகுதிகளில் ஒன்று ஒரு விரற்கடை சாய்ந்தாலும் கதவு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கதவு உரசுகிறது என்று கதவைத் தட்டிக் கொண்டிருப்பது, காய்ச்சல் என்றால் நெற்றியைக் கழுவுவதைப் போன்றது.

இவ்விடத்தில் ஒரு செய்தி. 1908இல் அமெரிக்கக் காடிலாக் கார்கள் மூன்றை இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் முழுவதும் பிரித்துப் போட்டார்கள். பாகங்களை ஒன்றோடொன்று கலந்தார்கள். பிறகு ஸ்பானரும் திருப்புளியும் மட்டுமே கொண்டு, அரம் படாமல், மூன்று கார்களைப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒரே மாதிரி பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக உதவும் என்பதை உலகம் அப்போது நம்பியது. அச்சோதனை பெரிதே, மறுப்பதற்கில்லை. ஆனால் கடைந்தெடுத்த உருக்குக்குப் பொருந்துவது, வளைத்தெடுத்த தகட்டுக்கு அப்படியே பொருந்தாது. புதிய கார் செய்யும் ஆலையிலேயே கதவுகளைக் கையால் நெருக்கியும் தளர்த்தியும் சரிசெய்ய ஆட்கள் இருந்தார்கள். அறுபதாண்டு மழையும் வெயிலும், இரண்டொரு மோதலும் கண்ட தகட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் அதே ஹெரால்டின் அதே பக்கக் கதவை வாங்கி வந்தாலும், அது வேறொரு வண்டியோடு வாழ்ந்து பழகிய கதவு. இந்த வண்டிக்கு அது விருந்தாளிதான்.

நம் மாமு 1973இல் இந்த வண்டியை ஒரு வழக்கறிஞரிடமிருந்து வாங்கினார். நம்முடைய உம்மாவை, பிள்ளைப்பேற்றுக்காக இரண்டு முறை நள்ளிரவில் ஏற்றிச் சென்ற வண்டி. நாம் ஓதி முடித்துப் பட்டம் பெற்ற நாளில் நம்மை வீட்டுக்குக் கொணர்ந்ததும் இதுவே. 1996இல் சேஸியின் பக்கக் கைகளைத் துரு தின்றுவிட்டது. அதன்பின் கொட்டகையில் கோழிகளுக்குக் குடிலாயிற்று. மாமுவுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. கண் அழுத்த நோயால் பார்வையும் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அவருடைய மகன், நமக்கு மச்சான் முறை, வளைகுடா நாட்டில் வேலையாக இருப்பவர். தம் மகளின் நிக்காஹ்வுக்கு மணமகளை அந்த வண்டியிலேயே அழைத்துச் செல்ல வேண்டும், வாப்பாவின் கண் இருக்கும்போது முடியாததை அவர் மூச்சு இருக்கும்போதாவது செய்துவிட வேண்டும் என்று விரும்பினார். விருப்பத்தில் குறை காண யாருக்கும் இயலாது.

முதலில் ஒரு பட்டறையில் விட்டார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். எட்டு மாதங்களில் தகட்டு வேலை முடிந்தது என்று சொல்லி, பெயிண்டுக்காக நம் ஊர் மேஸ்திரியிடம் வண்டி வந்து சேர்ந்தது. மேஸ்திரி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்பு, “டிரையல் பார்க்காம நான் பிரைமர்கூடத் தொடமாட்டேன் ஹஜ்ரத்” என்றார்.

அவர் தொடங்கிய வரிசை நமக்கு வியப்பளித்தது. கதவை முதலில் தொடவில்லை, போல்டுகளைத் தொட்டார். ஒவ்வொரு துளையிலும் போல்டை விரலால் மட்டுமே திருகிப் பார்த்தார். ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. காரணம் கேட்டோம். இந்த வண்டியின் மரைகள் அங்குலக் கணக்கு. அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948இல் ஒப்புக்கொண்ட பொது மரை அது. இன்று கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருவது மில்லிமீட்டர் கணக்கு. ஹெரால்டில் மிகுதியாக வரும் 5/16 அங்குல போல்டின் பருமன் 7.94 மில்லிமீட்டர். கடைக்காரர் தரும் போல்ட் 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தலையிலும் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறக்குறையப் பொருந்திவிடும். ஆனால் முன்னதில் அங்குலத்துக்கு 24 மரை. பின்னதில் மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர். ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று நட்பாகச் சென்று பிறகு நின்றுவிடும். நின்ற இடத்தில் ஸ்பானரைப் போட்டு இழுத்தால் துளையின் மரை கெட்டது. விரலுக்கு அந்த வலிமை இல்லை. ஆகவே விரல் கெடுக்காது. இருபத்து மூன்று துளைகளில் முந்திய பட்டறையார் தவறான போல்டை முறுக்கியிருந்ததை மேஸ்திரி சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டினார்.

அடுத்து முன்தடுப்பைச் சேஸியின்மேல் நிலைநிறுத்தினார். ஸ்டீரிங்கும் பெடல்களும் அதைச் சார்ந்தவை ஆதலால் அதுவே முதல். பிறகு கதவுகளைக் கீலில் தொங்கவிட்டு, கதவுகளுக்கு ஏற்பப் பின்பகுதியை நகர்த்தினார். பானட் கடைசி. இடைவெளியை அளக்க அவரிடம் இருந்த கருவி சைக்கிள் ஸ்போக் கம்பிகள் இரண்டு. ஒரு கம்பி இரண்டு மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்து நான்கு. கதவைச் சுற்றி எங்கும் இரண்டு கம்பியும் சேர்ந்து போக வேண்டும். ஒரு கம்பி மட்டுமே போனால் போதாதா என்று கேட்டோம். கதவு விளிம்பிலும் தூண் விளிம்பிலும் ஏறும் பிரைமரும் பட்டியும் வர்ணமும் சேர்ந்து ஏறத்தாழ அரை மில்லிமீட்டரை விழுங்கிவிடும் என்றும், குழியான சாலையில் வண்டி முறுக்கும்போது மிச்சமும் போய்விடும் என்றும் விளக்கினார். சேஸியையும் உடலையும் பிரித்தே செய்த வண்டிக்கு அந்த முறுக்கு சற்றுக் கூடுதலாகவே உண்டு.

கம்பிகள் இரண்டும் அன்று எளிதாகவே போயின. மச்சான் மகிழ்ந்தார். மேஸ்திரி மட்டும் தலையசைக்கவில்லை. எஞ்சினைக் கொண்டுவந்து ஏற்றச் சொன்னார். ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டு வண்டியை அதன் நான்கு சக்கரங்களில் நிற்க வைத்தார். முன்னிருக்கையின் இடத்தில் இரண்டு மூட்டை மணலை வைத்தார். மறுநாள் காலை மறுபடியும் கம்பியை நுழைத்தார். வலப்பக்கக் கதவின் மேல்மூலையில் ஒரு கம்பிகூடப் போகவில்லை. கீழ்மூலையில் மூன்று போயிற்று.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு அரைநாள் போதுமாயிருந்தது. துருப்பிடித்த பக்கக் கைகளுக்குப் பதிலாக வைத்த புதிய கைகளை முந்திய பட்டறையார் கண் மதிப்பிலேயே உயரம் வைத்துப் பற்றவைத்திருந்தனர். அதுவும் எஞ்சின் இல்லாத வண்டியில். அதற்கு மேல், கதவுகளுக்கு அடியில் நெடுக ஓடும் தகட்டை, இந்த வண்டியில் போல்டால் பூட்ட வேண்டியதை, வெல்டிங் செய்து இறுக்கிவிட்டிருந்தனர். கழற்றக்கூடிய வண்டியைக் கழற்ற முடியாததாக ஆக்கிவிட்டார்கள். கோணல் உள்ளே பூட்டப்பட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டுமாயின் அறுத்தெடுக்க வேண்டும்; குறைந்தது நான்கு மாதம்.

நிக்காஹ்வுக்கு ஏழு வாரமே இருந்தது.

மச்சான் நம்மை நடுவராக அழைத்தார். “மேல்மூலையைக் கொஞ்சம் தேய்த்து, கீழ்மூலையில் பட்டி வைத்து இழுத்துவிட்டால் யாருக்குத் தெரியும் ஹஜ்ரத்? ஒரு நாள் ஓட வேண்டும், அவ்வளவுதானே” என்றார். மேஸ்திரியோ, “பட்டி வைச்சா பார்க்க நல்லாத்தான் இருக்கும். கதவு சாத்துற அடியில நாலு மாசத்துல பெயிண்டோட உதிரும். உதிர்ந்தா என் பேரு போகும்” என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. மணநாளை ஒரு தகட்டுக்காகத் தள்ளிவைக்க முடியாது. மாமுவின் வயதும் நம் நினைவில் நின்றது. நான்கு மாதம் என்பது மேஸ்திரியின் கணக்கு. எண்பது கடந்தவருக்கு அந்தக் கணக்கு வேறு. எனினும் வண்டியின் உடையவர் மாமு அல்லவா? அவரைக் கேளாமல் தீர்ப்புச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மாமுவைப் பட்டறைக்கு அழைத்து வந்தோம். யாரும் அவரிடம் கதவைப் பற்றிச் சொல்லவில்லை. வண்டியைத் தடவிக்கொண்டே சென்று கைப்பிடியைப் பற்றினார். திறந்தார், சாத்தினார். மீண்டும் திறந்து, மீண்டும் சாத்தினார். பிறகு நுனிவிரலைக் கதவின் இடைவெளியில் வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்தார். “மருமகனே, இது வேற வண்டியாட்டம்ல இருக்கு” என்றார். சற்று நேரம் கழித்து, “பேத்தி எந்தக் காரிலே போனாலும் பேத்திதான். அறுக்கச் சொல்லுங்க” என்றார்.

மணமகள் வாடகைக் காரில் போனாள். மச்சான் நம்மிடம் இரண்டு நாள் பேசவில்லை. விடுப்பு முடிந்து விமானம் ஏறும்போது சலாம் சொன்னார், அவ்வளவே. நாம் அவரைக் குறை கூறுவதற்கில்லை. செலவு அவருடையது. மகளும் அவருடையவள். மாதத்தில் ஒரு வேலைக்கும் கண்ணுக்குத் தெரிகிற பலன் இல்லாத செலவு எவரையும் கசப்படையச் செய்யும். பழைய வண்டிகள் பாதியில் கைவிடப்பட்டு நிற்பதைப் பல பட்டறைகளின் மூலைகளில் பார்க்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில் நின்றவைதாம் என்பது நம் எண்ணம். துருவைத் தாங்கிக்கொண்டவர்களால் தாமதத்தைத் தாங்க முடிவதில்லை.

அறுப்பு வேலையைப் பற்றி விரிக்க வேண்டாம். புதிய பக்கக் கைகளை முதலில் ஆங்காங்கே புள்ளி வைத்துத்தான் பிடித்தார்கள். எஞ்சினும் மணல் மூட்டையும் ஏறி, கதவுகள் ஒப்புக்கொண்ட பின்னரே முழுதாகப் பற்றவைத்தார்கள். எஞ்சினுக்குள்ளும் இதே முறைதான் என்று அப்போது அறிந்தோம். 63 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையத்தைத் தனியே இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் நடுவேயுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்த பிறகே அதைப் பிஸ்டனில் ஏற்றுகிறார்கள். கால் மில்லிமீட்டர் அளவேனும் இடைவெளி வேண்டும். இல்லையேல் சூட்டில் முனைகள் முட்டி வளையம் ஒடியும்.

இவற்றைப் பார்த்துக் கொண்டிருந்த மாலைகளில் நம் பாடங்களே நமக்கு நினைவு வரும். மரம் என்பது நிறைவான சொல். வேர் என்பதும் அப்படியே. இரண்டும் சேரும்போது முன்னதன் மகரம் விலகி மரவேர் ஆகிறது. தனித்து நின்றபோது எந்தக் குறையும் இல்லாத ஈறு, அண்டை வந்தபோது இடம் விட்டது. பிள்ளைகள் புணர்ச்சி விதிகளை வெறுப்பதுண்டு. ஒருநாள் அவர்களைப் பட்டறைக்கு அழைத்துவர எண்ணியிருக்கிறோம். அரபு ஏடுகளைப் படியெடுத்தவர்களிடம் ‘முகாபலா’ என்றொரு வழக்கம் இருந்தது. எழுதி முடித்த படியை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிப்பார்கள். ஒப்பிட்ட இடத்தை ஓரத்தில் குறித்தும் வைப்பார்கள். எழுத்து எவ்வளவு அழகாயினும் அக்குறிப்பு இல்லாத படிக்கு மதிப்புக் குறைவு. தங்க மை பூசுவது அதற்குப் பிறகு வரும் காரியம்.

இரண்டாம் முறை பூட்டியபோது மழைக்காலம். வெறும் தகடு ஓரிரவில் செம்பூத்துவிடும் என்பதற்காக மெல்லிய ரெட் ஆக்சைடு பூச்சு ஒன்று கொடுத்திருந்தார்கள். செங்கல் நிற வண்டிக்கு இடப்பக்கக் கதவு மட்டும் புதுப்பேட்டையிலிருந்து வந்த பச்சை. இம்முறை ரப்பர்களையும் மாட்டினார்கள். புதிய ரப்பர் விறைப்பானது. கதவை வெளியே தள்ளும். ரப்பரில்லாமல் அழகாகப் பொருந்திய கதவு ரப்பரோடு துருத்தி நிற்பதைக் கண்டோம். கீலுக்கு அடியில் இருந்த தகட்டை மாற்றி அதையும் அடக்கினார் மேஸ்திரி. ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தார். தாள் எங்கும் ஒரே பிடிப்போடு வந்தது. பின்னர்க் கீலையும் தூணையும் சேர்த்து இரண்டு சிறு துளைகள் போட்டார். வர்ணம் முடிந்து திரும்பப் பூட்டும்போது அத்துளைகளில் ஆணியைச் செருகினால் கீல் இன்று நின்ற இடத்திலேயே வந்து நிற்குமாம். வாஷர்கள், தகட்டுத் துண்டுகள் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை என்று எழுதப்பட்டுத் தனித்தனிப் பைகளில் போக வேண்டும். எழுத்து வேலையை நமக்கு ஒதுக்கினார். நாற்பத்தொரு பைகள். நம் கையெழுத்துக்கு இந்நாள்வரை கிடைத்த பயன்களில் இது குறைந்ததன்று.

கழற்றுவதற்கு முந்திய மாலை மாமுவை அழைத்துவரச் சொன்னார் மேஸ்திரி. “பெரிய பாய் ஒரு சுத்து வரட்டும். பெயிண்ட் ஆக இன்னும் மூணு மாசம் ஆகும்” என்றார். மூன்று மாதத்தை அவர் சொன்ன தொனியில் வேறொன்றும் இருந்தது. அதை ஒருவரும் எடுத்துப் பேசவில்லை. செங்கலும் பச்சையுமாக நின்ற வண்டியில் மாமு ஏறி அமர்ந்தார். கதவைத் தாமே சாத்தினார், ஒருமுறைதான் சாத்தினார். நாம் பின்னால் அமர்ந்தோம். பட்டறைச் சந்திலிருந்து பள்ளிவாசல் முனை வரை சென்று, அந்தக் குறுகிய இடத்திலேயே திரும்பி வந்தோம். மாமுவின் கை வழிநெடுகக் கதவின் மேல்விளிம்பிலேயே இருந்தது.

திரும்பி வந்து நின்றதும், “இடப்பக்கம் முன்னாடி ஏதோ பேசுதே” என்றார். நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரி பானட்டைக் கவிழ்த்துத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பானட்டின் பக்கங்கள் வந்து அமர்வதற்கு முன்தடுப்பில் கூம்பு வடிவ ரப்பர்கள் உண்டு. இடப்பக்கத்து ரப்பர் தன் குழியை முழுவதும் தொடாமல் நின்றது. அடியில் ஒரு வாஷர் வைத்தார். நாம் நாற்பத்திரண்டாவது பையை எடுத்து அதன்மேல் எழுதிக் கொண்டிருந்தபோது மச்சானிடமிருந்து கைப்பேசியில் அழைப்பு வந்தது. எந்த வர்ணம் என்று முடிவாயிற்றா என்று கேட்டார். மாமு கையை அசைத்து, அதைப் பிறகு பேசலாம் என்றார்; பானட்டை இன்னொரு தடவை மூடச் சொன்னார்.